முத்தி செய்யாத பாதங்கள்

கேட்டா நம்புவியளோ மாட்டியளோ, அது உங்க பாடு. எனக்கு அறுபத்தெட்டு வயசாச்சு. இத்தனை வருஷத்துல ஒரு பச்சப்பிள்ளை காரியமா ரெண்டே தடவைதான் ஊர் முன்னால வாயைத் திறந்திருக்கேன், ஒரு தடவை உண்மையைச் சொன்னேன், ஒரு தடவை பொய் சொன்னேன், அதுல எது பாவம்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல.

என் பேரு ஞானப்பூ. மேலத்தேரிவிளையில பிரசவம் பாத்துக்கிட்டு இருந்தவ. ரோடு போட்டு ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட ஆரம்பிச்ச பிறகு என்னை யாரும் தேடுறதில்ல, சின்ன வயசுலருந்தே செஞ்சுட்டு வர்ற கோயில் வேலைதான் மிச்சம், வியாகுல மாதா கோயில்ல பீடத்துணி வெளுக்கிறதும் சுரூபம் துடைக்கிறதும் மெழுகு சுரண்டுறதுமா காலம் போயிட்டு இருக்கு. அந்தக் கோயில்ல ஒரு பாலன் இயேசு சுரூபம் உண்டு, ஒரு முழ நீளம், பிளாஸ்டர்ல வார்த்து வர்ணம் பூசினது, ரெண்டு கையையும் விரிச்சு, வலது காலைக் கொஞ்சமா தூக்கிக்கிட்டு மல்லாந்து கிடக்கும். வருஷம் பூரா பெட்டிக்குள்ள தூங்கும். கிறிஸ்மஸ் சாமப்பூசையில வானவர் கீதம் பாடுற நேரத்துல, ஊர்ல உள்ள எல்லா மணியையும் ஒண்ணா அடிச்சு, மூடின துணியை எடுத்து, குடில்ல வைக்கோல் மேல கிடத்துவாவ. பூசை முடிஞ்சதும் சின்னது பெருசு எல்லாம் வரிசையில வந்து அந்த வலது பாதத்துல முத்தம் குடுத்துட்டுப் போவும், அதை நாங்க முத்தி செய்யிறதுன்னு சொல்லுவோம். அறுபது வருஷமா ஊர் வாயெல்லாம் பட்டுப் பட்டு அந்தப் பாதத்துல வர்ணம் போயி, பெருவிரல் தேஞ்சு, உள்ள இருக்கிற வெள்ளை தெரியும். எங்க அம்மை முத்தமும் அதுலதான் இருந்துச்சு, என்னைக் கட்டினவர் முத்தமும் அதுலதான் இருந்துச்சு.

ஏழு வருஷத்துக்கு முன்னால பங்குப் பேரவைக்குத் துணைத்தலைவரா வந்தது பெர்னபாஸ், குவைத்துல இருபது வருஷம் இருந்துட்டு வந்த ஆளு, பல்லு பளபளன்னு இருக்கும். "பாலன் காலு சொறி பிடிச்ச மாதிரி இருக்கு, வெளியூர்க்காரன் பாத்தா சிரிப்பான்"ன்னு சொல்லி, கார்த்திகை மாசத்துல சுரூபத்தைத் துணியில பொதிஞ்சு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோயி பெயிண்ட் அடிச்சுக் கொண்டு வந்துட்டான். பாத்தேன். கன்னத்துல ரோஸ், உதட்டுல சிவப்பு, பாதம் புத்தம்புதுசு. அறுபது வருஷ முத்தத்தை மேல பூசி மூடிட்டானே பாவின்னு எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பெயிண்டர் பிடரியை மட்டும் தொடல. அங்கன ஒரு கீறல் உண்டு. நாப்பது வருஷத்துக்கு முன்னால துடைக்கும்போது கைதவறி நான் கீழ போட்டது, யாருக்கும் தெரியாம ஈஸ்டருக்கு ஏத்துற பாஸ்கா மெழுகை உருக்கி விட்டு அடைச்சேன். அது எனக்கும் பாலனுக்கும் மட்டும் தெரிஞ்ச சங்கதி.

திருவருகைக் காலம்னு நாலு வாரம் வைக்காவல்லா, கிறிஸ்மஸுக்கு முன்னால, அதுக்கு என்ன அர்த்தம்னு சாமியாருங்க பிரசங்கத்துல எவ்வளவோ சொல்லுவாவ. மருத்துவச்சிக்கு அது ஒரு வரிதான், வயித்துல பிள்ளை இருக்கிற காலம். பீடத்துல ஊதாத்துணி விரிச்சு, குடிலைக் கட்டி, மாதாவையும் சூசையப்பரையும் மாட்டையும் ஆட்டையும் வச்சுட்டு நடுவுல தொட்டிலைக் காலியா விடுவோம். அந்தக் காலி இடத்தைப் பாத்துக்கிட்டே இருக்கணும், அதான் தவம். முதல் ஞாயித்துக்கிழமை விடியக்காலம் ஊதாத்துணி எடுக்கப் பெட்டி இருக்கிற அறைக்குப் போனேன், பாலன் பெட்டி மூடி கொஞ்சம் தூக்கிக்கிட்டு இருந்துச்சு, திறந்தேன். உள்ள ரெண்டு பாலன் கிடந்தாவ. ஒரே நீளம், ஒரே ரோஸ், ஒரே மாதிரி தூக்கின காலு.

கோயில்பிள்ளை சந்தியாகைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் தலையைச் சொறிஞ்சுட்டு, "பெயிண்டர் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு குடுத்திருப்பான்க்கா"ன்னு சொல்லிட்டு மணியடிக்கப் போயிட்டான். மறுநாள் காலையில மூணு இருந்துச்சு. அதுக்கு மறுநாள் நாலு.

எங்க ஊருக்காரங்களைப் பத்தி ஒண்ணு சொல்லணும், வானத்துல இருந்து யானை விழுந்தாலும் அதை எங்கன கட்டிப்போடலாம்னுதான் முதல்ல யோசிப்பாவ. முதல் வாரம் பெர்னபாஸ் நாகர்கோவிலுக்குப் போன் போட்டு ஏசினான். பெயிண்டர், "நான் அடிச்சது ஒண்ணு, கூலி வாங்கினது ஒண்ணுக்கு"ன்னு சத்தியம் பண்ணினான். அறைக்கு ரெண்டு பூட்டுப் போட்டு, ஒரு சாவியைச் சாமியாருக்கு அடுத்தபடியா கோயில் காரியம் பாக்குற தனிஸ்லாஸ் உபதேசியாரும் ஒரு சாவியைச் சாமியாரும் வச்சுக்கிட்டாவ, பூட்டு பூட்டினபடியே இருக்கும், காலையில திறந்தா ஒண்ணு கூடியிருக்கும். ரெண்டாவது வாரம் பெட்டி கொள்ளாம கோயிலுக்குள்ள பெஞ்சைப் போட்டு, பாய் விரிச்சு, வரிசையா கிடத்தியாச்சு. மூணாவது வாரம் அதுவும் பழகிப்போச்சு, காலப்பூசைக்கு வந்தவங்க "இன்னைக்கு எத்தனை"ன்னு பால்காரன்கிட்ட கேக்கிற மாதிரி கேட்டுட்டு முழங்கால் போட்டாவ. பக்கத்து ஊருல இருந்து ஆட்டோ பிடிச்சு வந்து பாத்துட்டு, "எங்க ஊர்ல ஒண்ணுக்கே சட்டை தைக்க ஆளில்ல"ன்னு சொல்லிட்டுப் போனாவ. எல்லாரும் பேசினாவ, சிரிச்சாவ, ஆனா எதுக்காக வருதுன்னு மட்டும் ஒருத்தரும் கேக்கல. பொம்பளைய நாங்க ஒருத்தரை ஒருத்தர் முகத்தைப் பாக்கிறதையே விட்டுட்டோம்.

ஏன்னு சொல்லுதேன். எங்க ஊரு கல்லறைத் தோட்டத்துக்கு ஆளுயரச் சுவரு உண்டு, செத்தவங்களுக்குத் துக்கமணி அடிச்சு, சிலுவை முன்னால போக, சாமியார் தீர்த்தம் தெளிச்சு உள்ள அடக்கம் பண்ணுவாவ. ஞானஸ்நானம் வாங்காம செத்த பச்சப்பிள்ளைக்கு அது கிடையாது. மணி இல்ல, பேரு இல்ல, சாமியாரும் வர மாட்டாவ. தகப்பன்காரன் துண்டுல பொதிஞ்சு, பொழுது சாயுற நேரத்துல எடுத்துட்டுப் போயி, சுவருக்கு வெளிய, உடைமரம் நிக்கிற செம்மணல்ல குழி தோண்டி வச்சுட்டு, நாய் பறிக்காம இருக்க தேங்கா அளவு கல்லு ஒண்ணைத் தூக்கி வச்சுட்டு, திரும்பிப் பாக்காம வந்துருவான். பழைய சட்டம்னாவ. அந்தச் சட்டம் எப்பவோ மாறிப்போச்சுன்னு சாமியாருங்க சொன்னாவ. சுவருக்கு அது தெரியல.

அங்கன கிடக்கிறதுல ஒண்ணு கித்தேரி பெத்தது. இது நடக்கிறதுக்குப் பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால, பங்குனி மாசம், தலைப்பிரசவம், நான்தான் பாத்தேன். மாசம் திகையாத பிள்ளை, ஆம்பளைப் பிள்ளை, கையில எடுத்தா கனமே இல்ல, இடது காதுமடல் மேல் ஓரம் முன்னால மடிஞ்சு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. மூச்சு இருந்துச்சு. இழுக்குறதைப் பாத்தாலே தெரிஞ்சுச்சு, பிள்ளை தங்காதுன்னு. ஆபத்துல யாரும் ஞானஸ்நானம் குடுக்கலாம், தலையில தண்ணியை ஊத்தி ஆண்டவரோட மூணு பேரைச் சொன்னாப் போதும், மருத்துவச்சிக்கு அதுதான் முதல் பாடம். என் பக்கத்துல பானை நிறைய தண்ணி இருந்துச்சு, ஆனா அது கொதிக்கிற தண்ணி. பச்ச மண்டையில எப்படி ஊத்துவேன். பிள்ளையைத் தாய் நெஞ்சுல போட்டுட்டு முற்றத்துத் தொட்டிக்கு ஓடினேன், எட்டு எட்டு வச்சாப் போற தூரம், போக எட்டு வர எட்டு. வந்து ஊத்தும்போது மூச்சு நின்னுபோச்சு. விரலைக் கொதிக்கிற தண்ணியில முக்கி ஆத்தி ஒரு சொட்டு விட்டிருந்தாலே போதும். என் விரல் வெந்தா என்ன போச்சு. அந்தப் புத்தி எனக்குப் பிறகுதான் வந்துச்சு.

தனிஸ்லாஸ் உபதேசியார் வாசல்ல வந்து நின்னு கேட்டாவ, "ஞானப்பூ, உயிர் இருக்கையில ஊத்துனியா, போனபிறகு ஊத்துனியா?" அவிய அன்னைக்குச் சின்ன வயசு, சட்டம் சட்டம்னு நிக்கிற ஆளு. உள்ள கட்டில்ல இருந்து கித்தேரி என்னையே பாக்கா. கண்ணால கெஞ்சுதா. நான் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவ, ஞானஸ்நானம்ங்கிற தேவதிரவிய அனுமானத்துல போய்ப் பொய் சொல்லலாமான்னு பயம். "போனபிறகுதான்"னு சொன்னேன். அவ்வளவுதான், அவ புருஷன் இஞ்ஞாசி துண்டை எடுத்துக்கிட்டு அழுதுக்கிட்டே சுவருக்கு வெளிய போனான். கித்தேரிக்குப் பிறகு வயித்துல பிள்ளை நிக்கல. அவ கோயிலுக்குள்ள கால் வச்சதும் இல்ல, என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதும் இல்ல, எதிரே வந்தா ஓடையில இறங்கி நடப்பா. கிறிஸ்மஸுக்கு நட்சத்திரம் தொங்காத வீடு எங்க ஊர்ல அது ஒண்ணுதான்.

இப்ப பெஞ்சுக்கு வாரேன். எல்லாம் ஒரே மாதிரின்னு சொன்னேன்லா, ஆம்பளைய கண்ணுக்கு அப்படி. பெத்தவ கண்ணுக்கு வேற. ஒண்ணுக்கு முன்நெத்தி புடைச்சிருக்கும், ஒண்ணுக்கு சுண்டுவிரல் வளைஞ்சிருக்கும், ஒண்ணு தகப்பனை உரிச்சு வச்ச மூக்கு. துடைக்கும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, இதுல பாதி என் கையில பிறந்தது. பொம்பளைய கூட்டமாத்தான் வருவாவ, ஆனா கோயிலைப் பெருக்க வாரேன், பூ கட்ட வாரேன்னு ஒவ்வொருத்தியா தனியாவும் வர ஆரம்பிச்சாவ. ஒருத்தி குட்டிக்கூறா பவுடர் போட்டு விட்டுட்டுப் போனா. ஒருத்தி இருபது வருஷமா பெட்டிக்குள்ள வச்சிருந்த சட்டையை எடுத்து வந்து போட்டுப் பாத்து, அளவு சரியா இருக்கவும் சேலையால வாயைப் பொத்திக்கிட்டு வெளிய ஓடினா. ஒரு நாள் காலையில ஒன்பதாவதா கிடந்ததுக்குக் கன்னத்துல கண்ணேறு படாம கறுப்புப் பொட்டு வச்சிருந்துச்சு. உபதேசியார் வந்து, "இயேசுவுக்குத் திருஷ்டிப் பொட்டா, எந்த அறிவுகெட்டவ செஞ்சா"ன்னு சத்தம் போட்டு, துணியை நனைச்சுத் துடைச்சாவ. அந்தப் பொட்டு வச்சது அவிய பெண்டாட்டி மதலேன், அவளுக்கு மூத்தது வெளியதான் கிடக்கு, குழி தோண்டினது அவிய கைதான். மறுநாளும் பொட்டு இருந்துச்சு, அவிய பாத்தாவ, துடைக்கல.

பதினாலாவது நாள் வந்ததுக்கு இடது காதுமடல் மடிஞ்சிருந்துச்சு. நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன்.

அன்னைக்கு மத்தியானம் கித்தேரி வீட்டு வேலிக்கு வெளிய போயி நின்னேன். அவ முறத்துல அரிசி புடைச்சுக்கிட்டு இருந்தா, என்னைப் பாத்ததும் முகத்தைத் திருப்பிக்கிட்டா.

"கித்தேரி, நீ என்னை ஏசினாலும் சரி, அடிச்சாலும் சரி. அவன் வந்திருக்கான். காது அப்படியே இருக்கு."

முறம் நின்னுச்சு. மறுநாள் சாயங்காலம் கோயில்ல ஆள் இல்லாத நேரம், பத்தொம்பது வருஷத்துக்குப் பிறகு, வாசப்படியில செருப்பைக் கழத்திட்டு உள்ள வந்தா. பதினாலாவதுகிட்ட வந்து நின்னா. தொடல. சேலை முந்தியை ரெண்டு கையாலயும் முறுக்கிக்கிட்டு, பால் குடுக்கிற பொம்பளை முன்னுக்குச் சாய்வாளே, அப்படிச் சாஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. நான் மெழுகு சுரண்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல, நிமிந்து பாக்கும்போது போயிட்டா. பிறகு தினமும் வந்தா, தினமும் தொடாமலே போனா.

இருபத்துநாலாவது நாள் காலையில புதுசா ஒண்ணும் வரல. பழசு ஒண்ணு, வந்தது இருபத்துமூணு, மொத்தம் இருபத்துநாலு. மறுநாள் கிறிஸ்மஸ் விழிப்பு, ராத்திரி சாமப்பூசை. பூசை முடிஞ்சதும் பேரவைக் கூட்டம் கோயிலுக்குள்ளேயே கூடுச்சு. பெலிக்ஸ் சாமியார் சின்ன வயசு, வந்து ஆறு மாசந்தான் ஆகுது, நல்ல மனுசன், ஆனா குரல் சின்னது.

"எல்லாத்தையும் தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சுருவோம்"னு சாமியார் சொன்னாவ. "எல்லாத்தையும் குடில்ல வைப்போம். இது எதுக்கு வந்துச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறேன். ஞானஸ்நானம் இல்லாம போன குழந்தைகளை ஆண்டவர் கைவிடுறதில்ல, திருச்சபை இன்னைக்கு அப்படித்தான் சொல்லுது. அந்தச் சுவரைக் கூட நாம—"

"சாமி." உபதேசியார் எழுந்தாவ. "நீங்க மூணு வருஷத்துல மாற்றலாகிப் போயிருவிய. சுவரு இங்கனதான் இருக்கும். இன்னைக்கு இதை மந்திரிச்சா, நாளைக்கு வெளிய கிடக்கிறதை உள்ள கொண்டு வரணும்பாவ. உள்ள எங்க இடம் இருக்கு? ஒவ்வொரு குழியும் ஒரு குடும்பத்துக்கு. யார் குழியில யார் பிள்ளையை வைக்க?"

"அதுவும் போக, இத்தனை வருஷமா நாம செஞ்சது தப்புன்னு ஆயிரும்லா"ன்னு பின்னால இருந்து ஒரு ஆம்பளைக் குரல் கேட்டுச்சு. அதுதான் உள்ளது. தப்புன்னு ஆயிட்டா, அந்தத் தப்பை எங்கன கொண்டுபோய் இறக்கி வைக்கிறது. சாமியார் எல்லாரையும் பாத்தாவ, ஒருத்தரும் தலை நிமிரல, பொம்பளைய நாங்களும் நிமிரல, என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன். சாமியார் உக்காந்துட்டாவ. பிறகு தீர்மானம் சுலபமா முடிஞ்சுபோச்சு. மந்திரிச்சது ஒண்ணுதான், அதுதான் பாலன், அதைக் குடில்ல வைக்கிறது. மீதி இருபத்துமூணும் மந்திரிக்காத சுரூபம், அதைக் கோயில்ல வச்சிருக்கக் கூடாது, உடைக்கவும் மனசு வராது, மண்ணுல புதைச்சிரணும். எங்கன புதைக்கன்னு யாரும் கேக்கல.

"சரி, இதுல பழசு எது?" பெர்னபாஸ் கேட்டான். அவன்தானே பாதத்தைப் பூசி மூடினவன். "திருவுளச்சீட்டு போட்டுப் பாப்போமா?"

"சீட்டு எதுக்கு?" உபதேசியார் என் பக்கம் திரும்பினாவ. "நாப்பது வருஷமா கையில வச்சுத் துடைச்சவ இருக்காள்லா. ஞானப்பூ, இங்க வா. நீ சொல்லு."

எழுந்து போனேன். பெஞ்சு ஓரத்துல இருந்து ஒவ்வொண்ணா தூக்கி, முன்னால பாத்து, பிடரியைத் தடவி வச்சேன். இடம் மாறிக் கிடந்ததுல பதினேழாவது இடத்துல என் விரலுக்கு மெழுகு தட்டுச்சு. அவருதான். நாப்பது வருஷம் என் கையில கிடந்தவர், எனக்காகக் கீறலை மறைச்சுக்கிட்டுக் கிடந்தவர். அவரைத் தூக்கி இதுதான்னு சொன்னாக் காரியம் முடிஞ்சுச்சு. தூக்கினேன், நெஞ்சோட வச்சேன், வச்சுட்டு நிமிந்து பாக்கேன், வாசல்ல கித்தேரி நிக்கா. அன்னைக்குக் கட்டில்ல இருந்து பாத்தாளே, அதே பார்வை. நான் ஆண்டவர்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், எட்டு எட்டு தூரத்துல தண்ணி இருந்தும் நான் பிந்திப்போனேன், இன்னைக்கும் பிந்தச் சொல்லாதிரும்னு கேட்டேன். அவரைத் திரும்ப பாயில கிடத்தினேன். காது மடிஞ்சதைத் தூக்கினேன்.

"இதுதான்."

உபதேசியார் கிட்ட வந்தாவ. "நிச்சயமா?"

"நாப்பது வருஷம் துடைச்சவகிட்டக் கேக்கியளே. இதுதான்."

அவிய கொஞ்ச நேரம் என் முகத்தையே பாத்தாவ. பிறகு கூட்டத்தைப் பாத்துத் திரும்பி, "ஞானப்பூ பொய் சொல்ல மாட்டா. பத்தொம்பது வருஷத்துக்கு முன்னாலயே எனக்கு அது தெரியும்"னு சொன்னாவ. எனக்கு அந்த இடத்துலயே பூமி பிளந்து உள்ள போயிரலாம் போல இருந்துச்சு, ஆனா கையில இருந்த பிள்ளையை நான் விடல.

மறுநாள் பொழுது சாயும் நேரம் மீதி இருபத்துமூணையும் ஓலைக்கடவத்துல வைக்கோல் போட்டு எடுத்துட்டுப் போனோம். இந்தத் தடவை துண்டுல பொதிஞ்சு ஆம்பளைய தூக்கிட்டுப் போறதுக்குப் பொம்பளைய விடல, நாங்கதான் தூக்கினோம். சுவருக்கு வெளிய கல்லு எத்தனை கிடக்குன்னு அதுவரைக்கும் யாரும் எண்ணினதில்ல, எண்ணிப் பாத்தோம், இருபத்துமூணு. ஒவ்வொரு கல்லாத் தூக்கி வச்சுட்டு, அதுக்குக் கீழயே குழி எடுத்தாவ. மதலேன் பொட்டு வச்சதை இறக்கும்போது உபதேசியார் மண்வெட்டியைக் கீழ போட்டுட்டு வெறுங்கையால மண்ணை ஒதுக்கினாவ, முகத்தைத் துடைக்கத் துடைக்கச் செம்மண்ணு கன்னமெல்லாம் அப்பிச்சு. அவிய அழுததை நான் அன்னைக்குத்தான் பாத்தேன். ஆனாலும் குழியை மூடினாவ. சுவரைப் பத்தி ஒருத்தரும் பேசல.

பிடரியில மெழுகு உள்ளவரை நான்தான் எடுத்துட்டு வந்தேன். இஞ்ஞாசி அன்னைக்குத் தோண்டினானே, அந்த இடத்துல, பேரில்லாம மணியில்லாம, மத்த பிள்ளைய நடுவுல ஆண்டவரை என் கையால வச்சு, என் கையால மண்ணைப் போட்டேன். சாமியார் வரல. தீர்த்தம் கிடையாது. ஊரு வழக்கப்படி திரும்பிப் பாக்காம வந்தோம்.

சாமப்பூசைக்குக் கோயில் நிறைஞ்சு வழிஞ்சுச்சு. வானவர் கீதம் எடுத்ததும் சந்தியாகு பெரிய மணியை இழுத்தான், பீடத்துப் பிள்ளைய கைமணியை ஆட்டிச்சு, மாதா கெபி மணி, பள்ளிக்கூட மணி, ஊர்ல உள்ள அத்தனை மணியும் அடிச்சுச்சு. சாமியார் துணியை விலக்கி, மடிஞ்ச காதோட கிடந்த பிள்ளையை ரெண்டு கையிலயும் ஏந்தி, ஊருக்கு உயத்திக் காட்டினாவ. ஊரே முழங்கால் போட்டுச்சு. உபதேசியாரும் போட்டாவ. நான் தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், அழுகை வந்துச்சு, அடக்கல.

பூசை முடிஞ்சு முத்தி செய்ய வரிசை வந்துச்சு. முதல்ல உபதேசியார் குனிஞ்சு, பத்தொம்பது வருஷத்துக்கு முன்னால வாசலோட திருப்பி அனுப்பின பிள்ளை பாதத்துல வாயை வச்சாவ. பிறகு பெர்னபாஸ், பிறகு ஊரு. ஒவ்வொரு முத்திக்கும் பாதத்தை வெள்ளைத்துணியால துடைக்கிறது என் வேலை. வரிசையில கடைசி ஆளா கித்தேரி வந்தா, பின்னால இஞ்ஞாசி. அவ குனிஞ்சு பாதத்தை முத்தினா, முத்திட்டு நிமிரல, அந்த மடிஞ்ச காதுகிட்ட வாயைக் கொண்டுபோயி என்னவோ சொன்னா. பேரா இருக்கும். எனக்குக் கேக்கல, கேக்கிறதுக்கு நான் யாரு. "நகரும்மா"ன்னு சந்தியாகு சொல்லவும் நிமிந்தா, என்னைப் பாத்தா.

"யக்கா, மணி அடிச்சாவல்லா?"

"அடிச்சாவ."

"எல்லா மணியுமா?"

"எல்லா மணியும்."

தலையை ஆட்டிட்டு, சேலை முந்தியால தலையை மூடிக்கிட்டு, இஞ்ஞாசி கையைப் பிடிச்சுக்கிட்டுப் போனா.

அது முடிஞ்சு ஏழு வருஷம் ஆச்சு. பெட்டியைத் திறந்தா இப்பவும் ஒரே ஒருத்தர்தான் கிடக்காரு, காது மடிஞ்சபடி. பாதத்துல பெயிண்ட் போயி வெள்ளை தெரிய ஆரம்பிச்சிருக்கு. பெலிக்ஸ் சாமியார் மாற்றலாகிப் போயிட்டாவ, சுவரு அப்படியே நிக்கி. நான் செஞ்சதைப் பாவசங்கீர்த்தனத்துல ஒரு சாமியார்கிட்டயும் சொல்லல, அதுக்குச் செஞ்சதை நினைச்சு வருந்தி மனஸ்தாபப்படணும்லா, எனக்கு மனஸ்தாபம் வர மாட்டேங்குது. பயம் மட்டும் உண்டு. ஊரு கும்பிட வேண்டியவரை நான் உடைமரத்தடியில புதைச்சுட்டு நிக்கேன், நாளைக்கு அவர் முன்னால போகும்போது என்ன கேப்பாரோன்னு பயம் உண்டு.

அந்தக் கிறிஸ்மஸ் விடிஞ்சதும், அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருவோம்னு தனியா சுவருக்கு வெளிய போனேன். ராத்திரி காத்து மணலை அள்ளி அடிச்சு எங்க கால்தடத்தையெல்லாம் மூடியிருந்துச்சு, இஞ்ஞாசி தோண்டின இடம் எது, மதலேன் பிள்ளையை வச்ச இடம் எதுன்னு ஒண்ணும் தெரியல, இருபத்துமூணு கல்லும் ஒண்ணு போல கிடந்துச்சு. அவரை எங்கன வச்சேன்னு தேடித் தேடிப் பாத்தேன். பிறகு தேடுறதை விட்டுட்டு, முதல் கல்லுகிட்ட முழங்கால் போட்டேன், எழுந்து ரெண்டாவது கல்லுகிட்டப் போட்டேன். இப்பவும் வருஷா வருஷம் அப்படித்தான் செய்யுதேன், மூட்டுவலியோட இருபத்துமூணையும் முடிக்க மத்தியானம் ஆயிருது.